நோன்பின் கணக்கு வேறு, ஆட்டத்தின் கணக்கு வேறு

சென்ற ரமளானில் ஒரு நாள், அஸர் பாங்குக்குச் சற்று முன்னதாக எங்கள் மகன் விளையாட்டுப் பையைத் தோளில் சுமந்தபடி வீட்டுக்குள் நுழைந்தான். ஸலாம் சொன்னான், வேறொன்றும் சொல்லவில்லை. தொழுதுவிட்டுத் தன் அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். அன்று அவனுடைய பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு முக்கியமான ஆட்டம். முடிவு என்னவென்று அவன் முகமே சொல்லிவிட்டதால் நாங்களும் கேட்கவில்லை.

மஃரிப் பாங்கு ஒலித்தபோது எங்களோடு வந்து அமர்ந்தான். ஒரு பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு, தண்ணீர் குடித்தான். கஞ்சிக் கோப்பையை எடுக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டான்: "நான் நோன்பு வைத்ததால்தான் நாங்கள் தோற்றோமா, வாப்பா?"

ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தார்கள். கடைசி நிமிடத்தில் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன. ஆட்டம் முடிந்ததும் அணித் தோழன் ஒருவன் கோபத்தில், "இன்றைக்கு மட்டும் நீ சாப்பிட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறான். அந்தச் சொல்தான் அவனை அறைக்குள் முடக்கியது.

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. ஏனெனில் முந்தைய இரவு இதே கேள்வியைத்தான் நாங்கள் இருவரும் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மாசி வெயிலில் பதினைந்து வயதுப் பிள்ளை தண்ணீரின்றி ஓடி ஆடுவதை எண்ணி எங்களில் ஒருவருக்கு அச்சம். பருவம் எய்தியவனுக்கு நோன்பு கடமையாகிவிட்டது, ஓர் ஆட்டம் அதற்கு விலக்காகாது என்று மற்றவர் சொன்னார். நடுவில் புகுந்த மகன் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். ஹகீம் ஒலாஜுவான் என்ற கூடைப்பந்து வீரர் ரமளானில் நோன்பு நோற்று ஆடினார், அந்த ஆண்டே அவருடைய அணி கோப்பையை வென்றது என்று அது கூறியது. "பாருங்கள் உம்மா, நோன்பு வைத்தால் வெற்றி கிடைக்கும்" என்றான். நாங்களும் மாஷா அல்லாஹ் என்று சொல்லி மகிழ்ந்து உறங்கிவிட்டோம். இப்போது அந்தக் காணொளியே அவனுக்கு எதிராகத் திரும்பி நின்றது. நோன்பு வெற்றி தரும் என்றால், இந்தத் தோல்வியை யார் தந்தது?

அன்று தராவீஹ் முடிந்து வந்தபின் மூவரும் அமர்ந்து அந்தப் பருவத்தின் கதையை முழுமையாகத் தேடிப் படித்தோம். காணொளி சொன்னது பொய்யன்று. ஆனால் பாதிக் கதை.

ஒலாஜுவான் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963-இல் பிறந்தவர். 1980-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குப் படிக்கச் சென்றார். 1984-இல் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் சேர்ந்தார். அதுவரை 'அகீம்' என்றே எழுதப்பட்டு வந்த தம் பெயரை 1991-இல் 'ஹகீம்' என்று திருத்திக்கொண்டார். 1994-இல் அவருடைய அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. நாம் பேசவந்தது அதற்கு அடுத்த 1994-95 பருவம்.

அந்தப் பருவத்தின் நடுவில், 1995 பிப்ரவரி தொடக்கத்தில், ரமளான் பிறந்தது. மாலை ஆட்டங்களுக்கு முன் நோன்பு திறக்க வாய்ப்பிருந்தது. ஆனால் பகலில் நடக்கும் ஆட்டங்களும் அங்கே உண்டு. அந்நாட்களில் மற்ற வீரர்கள் தண்ணீர்ப் புட்டியை எடுக்கும்போது அவர் வெறும் வாயோடு அமர்ந்திருந்தார். அந்த பிப்ரவரியின் சிறந்த வீரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. காணொளி இங்கிருந்து நேராகக் கோப்பைக்குத் தாவியது. இடையில் நடந்ததை அது சொல்லவில்லை.

நோன்பு மாதம் கழிந்து சில வாரங்களில் அவருக்கு இரத்தச் சோகை இருப்பது தெரியவந்தது. சில ஆட்டங்களில் இறங்காமல் ஓய்வெடுக்க நேர்ந்தது. 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அவர் ஆடியவை 72. பிப்ரவரி நடுவில் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற பெரும் வீரர் அணிக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் ஆடிய 35 ஆட்டங்களில் அணி வென்றவை 17, தோற்றவை 18. மொத்தம் 47 வெற்றிகளோடு மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்தில்தான் ராக்கெட்ஸ் நின்றது.

மகனிடம் கேட்டோம்: "ஏப்ரல் மாதத்தில் யாராவது இந்த அணியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?"

அவன் சற்று யோசித்து, "நோன்பு வைத்துத்தான் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்" என்றான்.

அதன்பின் நடந்ததை உலகம் அறியும். முதல் சுற்றில் 60 ஆட்டங்களை வென்றிருந்த யூட்டா ஜாஸ் அணியை 3-2 என்று வென்றார்கள். இரண்டாம் சுற்றில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியிடம் 1-3 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு 4-3 என்று கரையேறினார்கள். கடைசி ஆட்டத்தின் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அடுத்து, பருவத்திலேயே மிகுதியாக 62 வெற்றிகள் பெற்றிருந்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டேவிட் ராபின்சன் ஆடிய அணி அது. அதையும் 4-2 என்று வென்றார்கள். இறுதிச் சுற்றில் ஷக்கீல் ஓநீல் ஆடிய ஒர்லாண்டோ மேஜிக் அணியை 4-0 என்று வீழ்த்தினார்கள். ஆறாம் இடத்திலிருந்து ஏறி வந்து கோப்பை வென்ற அணி என்.பி.ஏ. வரலாற்றில் அது ஒன்றுதான்.

"ஜூன் மாதத்தில் என்ன சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்டோம்.

"நோன்பின் பரக்கத் என்று" எனச் சொல்லி, அன்று முதன்முறையாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கும் விளங்கியது. ஏப்ரலின் பேச்சும் ஜூனின் பேச்சும் ஒரே தவறைச் செய்கின்றன. இரண்டும் நோன்பைப் புள்ளிப் பலகையில் எழுதிப் பார்க்கின்றன. நோன்போ அடியானுக்கும் அவனுடைய இரட்சகனுக்கும் இடையிலானது. அதன் கூலி அவனிடம் இருக்கிறது. ஒலாஜுவான் கோப்பைக்காக நோன்பு நோற்றிருந்தால், கோப்பை கிடைக்காத ஆண்டில் விட்டிருக்க வேண்டும். 1996-லும் ரமளான் பருவத்தின் நடுவில்தான் வந்தது. அவ்வாண்டு இரண்டாம் சுற்றிலேயே சியாட்டில் அணியிடம் 0-4 என்று தோற்று ராக்கெட்ஸ் வெளியேறியது. கடமை அப்போதும் அதே கடமைதான்.

மகனின் ஃப்ரீ த்ரோக்களுக்கும் அந்தப் பருவத்திலேயே விடை கிடைத்தது. ஒர்லாண்டோவில் நடந்த இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். சில நொடிகளே மீதமிருக்க, மேஜிக் அணி 3 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அந்த அணியின் நிக் ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தாலே வெற்றி ஏறத்தாழ உறுதி. இரண்டும் தவறின. திரும்பி வந்த பந்தை அவரே பிடிக்க, மேலும் இரண்டு வாய்ப்புகள் கிடைத்தன. அவையும் தவறின. பின்னர் ராக்கெட்ஸின் கென்னி ஸ்மித் தொலைவிலிருந்து எறிந்த பந்து ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ராக்கெட்ஸ் 120-118 என்று வென்றது.

"அவர் நோன்பாளியா?" என்று கேட்டோம்.

"இல்லை. அது ஜூன் மாதம்" என்றான். கஞ்சிக் கோப்பையைத் தானாகவே தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இதோடு முடித்துக்கொண்டால் நாங்களும் பாதிக் கதை சொன்னவர்களாவோம். அன்றைய ஸஹரில் எங்கள் மகன் எழவில்லை. இரவு வெகுநேரம் விழித்திருந்து, நள்ளிரவில் பரோட்டா உண்டு உறங்கிவிட்டான். எழுப்பியபோது ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மீண்டும் படுத்தான். பாவம், தூங்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரக்கத் இருப்பதாகச் சொன்ன ஸஹரை அலட்சியம் செய்தது நாங்கள். பழியைச் சுமந்தது நோன்பு. உடல் தளர்ந்தபோது ஓய்வெடுத்து மீண்டும் களம் இறங்கிய அந்த வீரரிடம் நாங்கள் கற்க வேண்டியது இதுவும்தான். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தந்த மார்க்கம் இது. உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மீதி நாட்களில் நாங்கள் இரண்டு காரியங்கள் செய்தோம். தராவீஹ் முடிந்ததும் விளக்கை அணைத்தோம். ஸஹருக்கு மூவரும் ஒன்றாக எழுந்து, சோறும் பருப்பும் பேரீச்சம்பழமும் உண்டு, போதுமான தண்ணீர் குடித்தோம். பெருநாளுக்கு முன் அவனுக்கு இன்னோர் ஆட்டம் இருந்தது. அதன் முடிவை இங்கே எழுத வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டான். "எழுதினால் மறுபடியும் அதை வைத்துத்தானே நோன்பைக் கணக்குப் போடுவார்கள், வாப்பா?" என்றான். அல்ஹம்துலில்லாஹ், பாடத்தை எங்களைவிட அவனே நன்றாகப் படித்துவிட்டான்.

நம் பிள்ளைகள் நோன்போடு தேர்வு எழுதுவார்கள், ஆடுவார்கள், வேலைக்குச் செல்வார்கள். சில நாட்களில் வெல்வார்கள். சில நாட்களில் தோற்பார்கள். இரண்டு நாட்களிலும் மஃரிபின் பேரீச்சம்பழம் அவர்களுக்கு ஒரே இனிப்போடு இருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக. ஆமீன்.