மசக்கையும் அம்மாவின் கையும்

"மசக்கைன்னா வாந்தி வரத்தான் செய்யும், நாங்கெல்லாம் பெத்துக்கலையா?" இந்த வசனத்தைக் கேட்காத பிள்ளைத்தாச்சி நம்மில் உண்டா? சாதாரண மசக்கைக்கு அது சரிதான். ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது வேறு ரகம். குடித்த தண்ணீர்கூட நிற்காது. எடை சரசரவென்று இறங்கும். ஹைப்பரெமிசிஸ் என்று வாயில் நுழையாத பெயர். இங்கிலாந்தின் கேட் 2012-ல் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. (இளவரசிக்கு வந்தால் வியாதி, நம்ம வீட்டில் வந்தால் நடிப்பு!) எல்லாம் மனசுதான் காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் ஆராய்ச்சி வந்தது.

நிற்க. தங்கமணிக்கு இது வந்தது 2014-ல், தோஹாவில். 54 கிலோ 49 ஆனது. ஆஸ்பத்திரியில் சலைன், பி1 ஊசி, வாந்தி மருந்து எல்லாம் ஆச்சு. வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று பிடித்துக்கொண்டது. பயம். எச்சில் விழுங்கப் பயம், கண்ணை மூடப் பயம், பிள்ளை தங்குமா என்று பயம்.

பேத்தமங்களாவிலிருந்து அம்மா வந்தார். (பாலாற்றைத் தேக்கி தங்கவயலுக்கே தண்ணீர் அனுப்பிய ஊருங்க! சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள், ஏரி இருக்கிறது.) எங்கள் தெருவில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தாலும் கால் பிடித்துவிட அம்மாவுக்குத்தான் ஆள் வரும்.

முதல் நாள் நல்லெண்ணெய் சீசாவைத் திறந்தார். வாசனை பட்டதுமே தங்கமணி பாத்ரூமுக்கு ஓட்டம். சீசா மேல்தட்டுக்குப் போனது, அப்புறம் வெறும் கைதான். பாதம், உள்ளங்கை, முன்கை. அமுக்காமல், வயிற்றுப் பக்கமே போகாமல், மெதுவாக நீவுவார். முக்கியமாக, "ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பேங்க் புத்தி போகுமா? நோட்டில் கணக்கு எழுதினேன். அம்மா வருவதற்கு முந்தைய வாரம் நாளுக்குச் சுமார் 12 வாந்தி. வந்த வாரம் 11. இதை லாபம் என்று எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் தூக்கம் 2 மணி நேரத்திலிருந்து 5 ஆனது. "அந்தக் கொஞ்ச நேரம்தான் என் உடம்பு என்னோடதா இருக்கு அத்தே" என்றாள்.

ஸ்வீடனில் இதே பிரச்சினை கடுமையாக இருந்த 10 பெண்களுக்கு இப்படி மென்மையாக நீவிவிட்டு, அவர்கள் அனுபவத்தைக் கேட்டு 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வும் நிம்மதியும் கிடைத்ததாகத்தான் அவர்களும் சொன்னார்கள். சின்ன ஆய்வு. வாந்தியை நிறுத்தும் வைத்தியம் என்று யாராவது பாக்கேஜ் விற்றால் பர்ஸை மூடுங்கள்.

ஒரு நாள் முழுக்க எதுவுமே வயிற்றில் தங்காவிட்டாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ முதலில் ஆஸ்பத்திரி, நீவுவதெல்லாம் பிறகு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உடம்பில் நீர் வற்றி, படுத்தே கிடக்கும்போது ரத்தக்கட்டு வரலாம். டாக்டரிடம் ஓடுங்கள்.

ஊரிலிருந்து ஆள் வர முடியாதவர்கள்? ரங்கமணிகளே செய்யலாம். விசா முடிந்து அம்மா கிளம்பிய பிறகு நான்தான் செய்தேன். பத்து நிமிஷம் போதும். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், செண்ட் வேண்டாம், போனை அடுத்த ரூமில் வையுங்கள்.