கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு வீடு

எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் வெங்காயம், வலப்பக்கம் பிளாஸ்டிக் குடம். முன்பு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். இப்போது இரண்டும் கிட்டங்கி. திருவனந்தபுரத்து ஆரியசாலையில் வீடு வாங்க வருகிறவர்கள் குடியிருக்க வருவதில்லை. அடுக்களையைப் பார்க்க மாட்டார்கள். வாசலைப் பார்ப்பார்கள், குட்டியானை வண்டி உள்ளே நுழையுமா என்று.

*

1933-இல் அருவிக்கரைத் தண்ணீர் குழாய்வழி நகரத்துக்கு வந்தது. தாத்தா குழாய் போட்டார், ஆனால் கிணற்றை மூடவில்லை. குழாய் வறண்ட நாட்களில் தெருவே எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். இன்று வருவது சுமட்டுத் தொழிலாளிகள், முகம் கழுவ. கைப்பிடிச் சுவரில் கயிறு அறுத்த தடம் ஒன்று உண்டு. என் சுண்டுவிரல் அதில் முழுசாக அமரும்.

*

இடவப்பாதி மழை தொடங்கியதும் ஓடு ஒழுகியது. சரிசெய்ய முன்பணம் வாங்கிப் போனவர் துலாவர்ஷ மழையும் முடிந்து வந்து, "இப்ப ஒழுகலியே?" என்றார்.

*

அம்மாவுக்கு வீட்டுக்குள் செந்துளுவன். படி இறங்கிச் சாலைக் கம்போளத்துக்குப் போனால் அதே பழம் கப்பப்பழம். நேற்று மலையாளத்தில் அவள் பேரம் பேச, கடைக்காரர் தமிழில் கேட்டார்: "அம்மாவுக்கு நாரோயிலா?"

"இல்ல, இங்கதான். ஆரியசாலை."

அவர் நம்பவில்லை. விலையும் குறைக்கவில்லை.

*

இந்தக் கம்போளத்தை உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். அதை எழுதியவர் ஆ. மாதவன். பாத்திரக்கடையில் உட்கார்ந்துகொண்டே 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். 2015-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, கட்டுரை நூலுக்கு. கதைகளுக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்! 2021 ஜனவரியில் போய்விட்டார். திருவனந்தபுரம் என்றால் கோயிலும் கோட்டையும் என்று நினைப்பவர்களுக்கு, மூட்டை தூக்குகிறவனின் திருவனந்தபுரத்தைக் காட்டியவர் அவர்.

*

ஆச்சியின் பிறந்தவீடு தக்கலை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தீபாவளிக்குப் பிறந்தவீடு போகிற ஆச்சி அதன்பிறகு வேறு மாநிலத்துக்குப் போகிறவள் ஆனாள். பஸ் அதே பஸ்தான்.

*

தக்கலைப் பக்கத்திலிருந்து வருஷம் தவறாமல் வந்த ஒரே விருந்தாளி வேளிமலை முருகன். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், குமாரகோவில் முருகனும் ஒன்றாகப் புறப்படுவார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. களியக்காவிளை எல்லையில் இரண்டு மாநிலப் போலீஸும் மரியாதை செய்யும். நகரத்துக்கு வந்ததும் மூவரும் பிரிந்துவிடுவார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கு, நங்கை செந்திட்டை கோயிலுக்கு, முருகன் எங்கள் ஆரியசாலை அம்மன் கோயிலுக்கு. விஜயதசமியன்று அவர் பூஜப்புரை மண்டபம் போய்த் திரும்புவார். பிறகு ஊர்.

ஆச்சி அவரைச் சாமி என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எங்க ஊர்க்காரன்" என்பாள். வள்ளியும் அந்த மலைப்பக்கம்தான் என்பதால், சில நாள் "எங்க ஊர் மாப்பிள்ளை". அந்த நாட்களில் வீட்டில் முட்டை வேகாது. ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறதாம்.

*

இந்த வருஷம் வரவேற்புக்குத் தெருவில் வீட்டுவாசல்கள் குறைவு. ஷட்டர்களுக்கு முன்னால் யார் விளக்கு வைப்பார்கள் என்று நினைத்தேன். வெங்காயக் கிட்டங்கிக்காரர் வைத்தார். அவர் இந்த ஊர்க்காரரே அல்ல. சாக்குகளை உள்ளே தள்ளி, வாசலைக் கழுவி, தட்டத்தில் பழமும் தேங்காயும் வைத்து, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

குத்துவிளக்கு எங்கள் வீட்டுடையது, கேட்டு வாங்கிப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.