நூல் போடலாம், கத்தரிக்கோல் கூடாது

ஆப்கான் பெண்களுக்கு உதவி என்றதும் இங்கே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தையல் மெசின்தான். வீட்டு நிலவறையில் கிடந்த பழைய மெசினைக் கொண்டுவந்து தருவார்கள். ஒரு படம் எடுப்பார்கள். போய்விடுவார்கள். ஹம்பேர்க்கில் நாங்கள் ஐந்து தமிழ்ப் பெண்கள் வியாழன் பின்னேரங்களில் உதவிக்குப் போகிற அறையில் இப்போது ஏழு மெசின்கள் நிற்கின்றன. தைக்க விருப்பமுள்ளவர்கள் இரண்டே பேர்.

மற்றவர்களுக்கு வேறு தொழில் தெரியும். ஒருவர் ஹெராத்தில் குங்குமப்பூ தரம் பிரித்து விற்றவர். ஒருவர் கணக்காளர். இளம் பெண்கள் 'ஹாலா ஜான்' என்று கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிடுகிற ஒருவர் (ஹாலா என்றால் தாயின் சகோதரி) காபூலில் பதினொரு வருடம் அழகு நிலையம் நடத்தியவர்.

தமிழ்ப் பெண்களுக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். படிவம் நிரப்புகிற வேலை. அதில் எங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு இந்த நாடு 1987இல் ஐந்து வருட வேலைத்தடை போட்டது, 1991இல்தான் எடுத்தது. வேலை செய்யக்கூடாது என்ற கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, 'சும்மா இருந்து தின்கிறார்கள்' என்ற கதையைத் தெருவில் கேட்ட தலைமுறை நாங்கள்.

ஹாலா ஜானின் கணவர் 2015இல் வந்தவர். இவர் காபூலிலேயே கடையை நடத்திக்கொண்டு இருந்தார். 2021 ஓகஸ்டில் தலிபான் நகருக்குள் வந்தபோது, கடை வாசலில் வரைந்திருந்த மணப்பெண்ணின் முகத்துக்கு அவரே வெள்ளை மை பூசினார். 2023இல் ஒரு மாத அவகாசம் கொடுத்து நாடு முழுவதும் அழகு நிலையங்களைப் பூட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் இல்லை, பூங்கா இல்லை என்றான பிறகு ஆண்கள் இல்லாமல் பெண்கள் கூடியிருந்து கதைக்க மிஞ்சியிருந்த இடங்களில் அதுவும் ஒன்று. ஜூலைக் கடைசியில் அதுவும் போனது. இஸ்லாமாபாத்தில் விசாவுக்குக் காத்திருந்து, 2024இல் குடும்ப இணைவில் இங்கே வந்து சேர்ந்தார். சொந்தத் தொழில் செய்ய அவருடைய வதிவிட அனுமதியில் தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருந்தது. ஜேர்மனியில் முடி வெட்டும் கடை திறக்க மைஸ்டர் தகுதி வேண்டும், அல்லது மைஸ்டர் ஒருவரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பெற்ற தேர்ச்சியைக் காட்டி விலக்குக் கேட்கலாம். எதைக் காட்டுவது? பூட்டிய கடைக்கு யார் கடிதம் எழுதித் தருவது?

இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. அங்கே பெண் என்பதற்காகத் தடை. இங்கே சட்டம் ஆணுக்கும் அதுதான். ஆனாலும் அவருடைய கத்தரிக்கோல் இரண்டு நாட்டிலும் பைக்குள்தான் கிடந்தது.

எங்களோடு உதவுகிற, வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஜேர்மன்காரி ஒருவர்தான் சட்டத்தை எழுத்தெழுத்தாக வாசித்து வழி கண்டுபிடித்தார். முடி வெட்டுவது ஒரு பட்டியலில் இருக்கிறது. முகப்பராமரிப்பு வேறொரு பட்டியலில், அதற்குப் பதிவு மட்டும் போதும். ஆக, புருவத்துக்கு நூல் போடலாம். மணப்பெண்ணுக்கு முகம் அலங்கரிக்கலாம். கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. வருடத்துக்கு 25,000 யூரோவுக்குள் வருமானம் என்றால் விற்பனை வரியும் அறவிடத் தேவையில்லை. ஹம்பேர்க்கில் ஆப்கானியருக்குக் கல்யாணங்கள் குறைவில்லை. எங்கள் சாமத்தியவீடுகளுக்கும் முகம் அலங்கரிக்க ஆள் தேடி நாங்கள் படுகிற பாடு தெரியும்தானே!

பிறகு காசு. வாடகைக்கு ஒரு மூலை, சாய்கிற கதிரை, விளக்கு, கண்ணாடி. ஜேர்மன்காரி சிறுகடன் திட்டம் ஒன்றின் தாள்களைக் கொண்டுவந்தார். ஹாலா ஜான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வட்டி உண்டா?" உண்டு. தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்களில் ஒருவர் சீட்டுப் பிடிப்போமா என்றார். அதை ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் நூறு யூரோ, பத்து மாதம். கழித்து எடுக்கிற சீட்டையும் சொன்னோம். "அது வேறு வாசலால் வருகிற வட்டி" என்று ஹாலா ஜான் உடனே பிடித்துவிட்டார். சரி, குலுக்கல் சீட்டு. ஜேர்மன்காரிக்குத்தான் பெரிய அதிர்ச்சி. கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை, யார் பிணை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆள்தான் பிணை என்றோம். சீட்டுக் காசை விழுங்கிவிட்டு ஊர் மாறிப் போனவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அதையும் மறைக்காமல் சொன்னோம். கடைசியில் அவரும் ஒரு சீட்டுப் போட்டார். எங்கள் வழக்கப்படி முதற்சீட்டு பிடிப்பவருக்கு. ஆகவே ஹாலா ஜானையே பிடிக்க வைத்தோம்.

தொழிலைப் பதிகிற அன்று கணவரும் வந்தார். தனக்கு மொழி தெரியும், கடிதங்கள் தன் பெயருக்கு வந்தால் லேசு என்றார். கெட்ட மனிதர் இல்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது. நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1996இல் காபூலைத் தலிபான் முதல் தடவை பிடித்தபோது கைர் கானாவில் கமிலா சிதீக்கி என்ற இளம் பெண் வீட்டுக்குள் தையல் தொழில் தொடங்கியதும், கடைகளில் ஓடர் எடுக்கத் தம்பியைத் துணைக்குக் கூட்டிப் போனதும் புத்தகமாகவே வந்திருக்கிறது. தைத்தது பெண்கள், தெருவில் நடக்க ஆண் துணை வேண்டும். ஹாலா ஜான் பேனாவைக் கையில் எடுத்தார்.

"காபூலில் பலகையில் என் பெயர்தான் இருந்தது" என்றார். கணவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கார் நிறுத்திய இடத்துக்கு நேரம் முடிகிறது என்று வெளியே போனார். படிவத்தில் அவருடைய பெயரே இருக்கிறது.

காபூலில் இருக்கிற தங்கை திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வீட்டிலேயே மணப்பெண்களை அலங்கரிக்கிறாளாம். கதவைத் தட்டினால் சாமான்கள் அரிசிப் பானைக்குள் போகும். இங்கே வாங்குகிற மாவின் நிறங்களை ஹாலா ஜான் படமெடுத்து அவளுக்கு அனுப்புகிறார். இவை அங்கே கிடையாது என்று அவள் ஏசி எழுதுகிறாள்.

சீட்டு இப்போது நான்காம் மாதத்தில் நிற்கிறது. இதுவரை காசு பிந்திக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். ஜேர்மன்காரி.