விளக்குப் பார்த்த மாமா

வந்தாறுமூலையிலிருந்து களுவன்கேணிக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். தமிழ் பேசுகிற கரையோர வேடர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது ரெண்டாம் வருசம் வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. வேடர் எண்டா தம்பானை, தோளில கோடரி, பக்கத்தில உல்லாசப் பயணி. அவ்வளவுதான் எங்கட அறிவு. 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதிய நூலிலேயே கிழக்குக் கரை வேடர்களுக்கு இடம் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணையில்தான் அவர்களுக்கென்று தனி நிரல் இல்லை.

நாங்க போனது சடங்கு பார்க்க. ஒப்படைக்கு எண்டு சொன்னாலும் உண்மையில படம் எடுக்கத்தான்.

மூதாதையரைப் பாடி அழைக்கிறார்கள். வந்தவர் ஆடுகிறார், ஊராரோடு கதைக்கிறார். எங்கட கண் போனது பந்தல் ஓரமா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஒரு மாமாவில. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில இருந்த அம்மம்மா சொன்னா: "மத்த நாளையில கசிப்புத்தான் மனே. சடங்கு தொடங்கினா வாயில வைக்கமாட்டார். விளக்கு அவர்ர பொறுப்பு."

யாரும் அவருக்குப் புத்தி சொல்லல்ல. எண்ணெய் குறைஞ்சா கூப்பிட்டாங்க, சாப்பாட்டு நேரம் தேடினாங்க.

திரும்பி வரும்போது எங்களில ஒருத்தரும் கதைக்கல்ல. எல்லாருக்கும் அவன்ர ஞாபகம். முதல் வருசம் எங்களோட ஒரே அறையில இருந்தவன். குடி, மறுகா தூக்கமில்லாம தனியாக் கதைக்கிறது, மறுகா விரிவுரைக்கு வாறதில்லை. பஸ் நிலையத்தில படுக்கிறான் எண்டு கேள்விப்பட்டம். கண்டும் இருக்கம். போன்ல கதைக்கிற மாதிரி நடிச்சுக்கொண்டு தாண்டிப் போயிருக்கம். போதை ஒழிப்பு ஊர்வலத்தில பதாகை பிடிச்சு நடந்ததும் அதே பஸ் நிலையத்தைத் தாண்டித்தான்.

சடங்கு குடியைக் குணமாக்கும் எண்டு நாங்க சொல்ல வரல்ல. நெடுநாள் குடிச்ச உடம்பு திடீரென்று நிப்பாட்டினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அந்த நடுக்கத்தை ஒரு டொக்டர் பார்க்கத்தான் வேணும். ஆனா மருந்துக்கு வெளியேயும் ஒரு வேலை கிடக்கு. 1990களில் மட்டக்களப்புக் காளி கோயில்களை ஆய்வு செய்த பட்ரிசியா லோரன்ஸ், காணாமற்போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் தெய்வமாடுகிறவர்களிடம் போனதை எழுதியிருக்கிறார். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில அழுறதுக்கு அங்க ஒரு இடம் இருந்தது. 2000களில் இங்கு வேலை செய்த மனநல மருத்துவர் மகேசன் கணேசனும் வைத்தியசாலைச் சுவருக்குள் காத்திருக்காமல் சேவையை ஊர்களுக்குள் கொண்டுபோனவர். இந்த ரெண்டு வழியும் ஒண்டையொண்டு அறிஞ்சிருந்தா அந்த மாமாவுக்குச் சடங்கு முடிஞ்ச அடுத்த நாளும் ஆள் இருந்திருக்கும்.

போன மாசம் அவன்ர ஊருக்குப் போனம். படுவான்கரையில, வாவிக்கு அங்கால. அக்காதான் வெளிய வந்தா. "இப்பதானா வழி தெரிஞ்சது?" எண்டா. கிளினிக்குக்குக் கூட்டிப்போறாவாம், மாசம் ஒருக்கா, ரெண்டு பஸ் மாறி. அடுத்தமுறை நாங்க வாறம் எண்டம். அவ நம்பின மாதிரித் தெரியல்ல.

அவன் திண்ணையில இருந்தான். எங்களைப் பார்க்கல்ல. எங்கட சைக்கிள் ஒண்டில செயின் கழண்டு கிடந்தது. "மச்சான், இதை ஒருக்காப் பாரன்" எண்டு கேட்டம். கொஞ்சநேரம் பேசாம இருந்தான். மறுகா எழும்பி வந்து குந்தினான்.