வாடாத கொழுந்து

சென்ற மழைக்காலத்தில் தகரப் பெட்டியைத் திறந்தபோது, 2003இல் நான் எழுதிய செய்தியொன்றின் நறுக்கு கையிலேயே உதிர்ந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. ஹட்டன் பகுதித் தோட்டத் தொழிலாளர் சிலரின் பேட்டி. அவர்களுள் என் அம்மாவும் ஒருவர். இந்நாட்டிலேயே பிறந்தும் 1948 முதல் நாடற்றவராய் இருந்தவர். எழுதியவன் மகன் என்பதைச் செய்தி சொல்லவில்லை.

எஞ்சியதை ஸ்கேன் செய்துவிட்டேன். ஆனால் படத்தில் சொற்களைத் தேட இயலாது; எழுத்தாக்க வேண்டும். டெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் தமிழையும் வாசிக்கும். என் பழைய ஸ்கேனர் ஒத்துழைப்பதோ உபுண்டு 16.04இல் மட்டுமே, அதனுடன் கிடைப்பது டெசராக்ட் 3.04. நரம்பு வலையமைப்பால் வாசிக்கும் திறன் 2018இல் வெளியான நான்காம் பதிப்பில்தான் வந்தது.

"மூலநிரலை எடுத்து நாமளே கட்டிடுவோம் மாமா" என்றான் அக்காள் மகன்.

முதலில் ஐந்தாம் பதிப்பை முயன்றான். அது சி++17 அறிந்த கம்பைலரைக் கேட்டது. எங்களுடைய ஜிசிசி 5.4க்கு அது முழுதாகத் தெரியாது. 4.1 பதிப்புக்குச் சி++11 போதும். அதுவோ லெப்டோனிகா 1.74 இல்லாமல் நகரமாட்டேன் என்றது, இருந்தது 1.73. ஆகவே லெப்டோனிகாவையும் கட்டவேண்டியதாயிற்று. ஓட்டோகொன்ஃப், ஓட்டோமேக், லிப்டூல் என்று வேறு பட்டியல். இரவு பதினொரு மணிக்கு எல்லாம் பிழையின்றி முடிந்தது.

நறுக்கின் படத்தைக் கொடுத்தோம். திறக்கவில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை பார்த்தவர். சரியாக வாடாத கொழுந்தைப் போட்டாலும் ரோலர் சுற்றத்தான் செய்யும், குறை தூளில்தான் தெரியும் என்பார். இங்கும் அதுவே நடந்திருந்தது. ஜேபெக் படங்களுக்கான நிரலாக்கக் கோப்புகள் கணினியில் இல்லை. கம்பைலர் இல்லாவிட்டால் உடனே நின்றுவிடுகிறது. இது இல்லாவிட்டாலோ, அந்த வசதியை மட்டும் விட்டுவிட்டு லெப்டோனிகா சத்தமின்றிக் கட்டி முடிக்கிறது. நின்றுபோகும் பிழையே மேல் என்று எனக்குத் தோன்றியது.

அவற்றை நிறுவி, லெப்டோனிகாவை மறுபடி கட்டினோம். விடியும் வேளையில் எழுத்துகள் திரையில் விழுந்தன. அம்மாவின் பெயரில் ஒரு 'ள' 'ன'வாகியிருந்தது. திருத்தினேன்.

தேவைப்பட்டவை அனைத்தையும் பதிப்பெண்களோடு ஒரு தாளில் எழுதி, தகரப் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே இன்னும் நாற்பது நறுக்குகள் கிடக்கின்றன.