மூலமும் உரையும்

தமிழ் பயில்வார்க்கும் தரவுத்தளத்திற்கும் யாது தொடர்பு என்று நுங்களுட் சிலர் வினவக்கூடும். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் யாமும் அவ்வாறே வினவினோம். ஆண்டிறுதியில் அவ்வினா எம்மை விட்டு நீங்கிற்று. நீங்கிய வரலாற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் துறை நூலகத்தின் நூற்பட்டியல் மர இழுப்பறைகளில் அட்டைகளாக உள்ளது. அவ்வட்டைகளுட் பெரும்பாலன ஓர் அம்மையாரின் கையெழுத்தால் ஆனவை. எந்நூல் எங்குளது என வினவின், அட்டையைத் தேடுமுன்னரே அவர் நா விடை பகரும். அவர் இவ்வாண்டு பணி ஓய்வு பெறுகின்றார். அவரோடு அவ்வறிவும் போய்விடுமே என்னும் அச்சத்தால், அட்டைகளையெல்லாம் ஓர் இணையச் செயலியில் ஏற்றிவிடுதற்கு யாமும் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவரும் துணிந்தோம்.

பணியின் வாயிலிலேயே ஒரு தேர்வு எதிர்ப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் காட் என்பார், தரவுகளை நிரைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக அமைத்துத் தம்முள் தொடர்புறுத்தும் நெறியை வெளியிட்டார். அவ்வட்டவணைகளொடு உரையாடும் மொழி எஸ்.க்யூ.எல். எனப்படும். நிரல் எழுதுவோரோ அட்டவணையாக எண்ணுவதிலர். 'நூல்', 'ஆசிரியர்' எனப் பொருள்களாகவே எண்ணுவர். ஒரு நூலுக்கு ஆசிரியர் இருவராயின் நிரலில் அஃது எளிது; அட்டவணையிலோ இரண்டையும் இணைக்க மூன்றாவது அட்டவணை வேண்டும். இவ்விரு நோக்கிற்கும் இடைநின்று, நாம் கூறுவதை எஸ்.க்யூ.எல்.லாக மாற்றித் தருவதே ஓ.ஆர்.எம். என்னும் நிரலகம்.

பைத்தான் மொழியில் இத்தகையன பல உள. அவற்றுள் இரண்டு எம் முன் நின்றன. ஒன்று, அமெரிக்க நாட்டுக் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005-இல் வெளிவந்த ஜாங்கோ என்னும் கட்டமைப்பினுள் அமைந்தது. மற்றொன்று, மைக்கேல் பேயர் இயற்றி 2006-இல் வெளியிட்ட எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி. முன்னதில் ஒவ்வொரு பொருளும் தன்னைத் தானே அட்டவணையிற் பதித்துக்கொள்ள வல்லது. பின்னதில் பொருள் அட்டவணையை அறியாது. தனியே ஒரு தூதன் இருபாலும் சென்று வருவான். மார்ட்டின் பவுலர் 2002-இல் எழுதிய நூலில் முன்னதை 'ஆக்டிவ் ரெக்கார்டு' என்றும் பின்னதை 'டேட்டா மேப்பர்' என்றும் பெயரிட்டு விளக்கினார்.

எமக்கு எஸ்.க்யூ.எல். சிறிதும் தெரியாது. அதனைக் கல்லாமலே காரியம் முடிக்கலாம் என்ற ஒரே காரணத்தால் யாம் ஜாங்கோவை விரும்பினோம். நண்பர், "புலவரே, மூலம் படியாமல் உரையை மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனால் உங்கள் பேராசிரியர் விடுவாரா?" என்றார். யாம் நகைத்து, எம் விருப்பையே வற்புறுத்தினோம். அவரும் இசைந்தார்.

இரு வாரங்களிற் செயலி எழுந்தது. துறையினர் முன்னிலையில் அதனைத் திறந்தோம். அதுகாறும் ஏற்றியிருந்த 2000 நூல்களையும் ஒரே பக்கத்திற் காட்டுமாறு செய்திருந்தோம். பக்கம் வரவில்லை. அம்மையார் எழுந்து, தம் இழுப்பறையில் ஓர் அட்டையை எடுத்து மீண்டும் வந்து அமர்ந்தார், அப்பொழுதும் வரவில்லை. ஒருவாறு வந்தபின், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைத் திருத்திக்கொண்டு நோக்கி, "தம்பி, மலைக்கு முன்னே மறை வருகிறதே, இது எந்த ஊர் அகரவரிசை?" என்றார். அனைவரும் நகைத்தனர். எம் முகம் கவிழ்ந்தது.

அன்று மாலை நண்பர் ஒரு சொல்லும் கடிந்திலர். நிரலகம் எழுதிய வினாக்களையெல்லாம் திரையில் வரிசையாகக் காட்டினார். நூற்பட்டியலைப் பெற ஒரு வினா. பின்னர் ஒவ்வொரு நூலுக்கும் அதன் ஆசிரியரைக் கேட்டுத் தனித்தனி வினா. ஆக 2001 வினாக்கள்! தரவுத்தளமோ வேறொரு கணிப்பொறியில் இருந்தது. யாம் ஏவியது ஒரு வரி. எம் பொருட்டு அந்நிரலகம் 2001 முறை ஓடிற்று. ஆசிரியரையும் முன்கூட்டியே ஒருசேரப் பெறுக என ஒரு சொல் சேர்த்தவளவில் அவை இரண்டாயின.

அகரவரிசைப் பிழைக்கோ நிரலகம் பொறுப்பன்று. ஒருங்குறி எண் வரிசையில் றகரம் லகரத்திற்கு முன் நிற்கின்றது. நம் நெடுங்கணக்கிலோ இறுதியில் னகரத்திற்கு முன் நிற்கின்றது. தமிழ் வரிசைமுறையைக் கைக்கொள்ளுமாறு தரவுத்தளத்திற்கே ஆணையிடல் வேண்டும். யாம் தேர்ந்த போஸ்ட்கிரெஸ் அதற்கு இடந்தருவது. அவ்வாணையை இரு நிரலகங்கள் வாயிலாகவும் விடுக்கலாம்; ஆயின் விடுக்கவேண்டும் என்று அவை தாமே உணரா.

நிற்க. அதன்பின் ஒரு திங்கள் எஸ்.க்யூ.எல். கற்றோம். சிதறிய அட்டவணைகளை ஒரு வினாவில் இணைக்கும் 'ஜாயின்' என்பதைக் கண்டபொழுது, கொண்டுகூட்டு என யாம் பயின்ற பொருள்கோள் நினைவிற்கு வர, அச்சம் நீங்கிற்று. பின்னர், ஓர் ஆசிரியரின் நூல்கள், இருவர் சேர்ந்து இயற்றிய நூல்கள், ஒவ்வோர் ஆண்டிலும் வெளிவந்தவற்றின் தொகை என்னும் மூன்றையும் முதற்கண் கையால் எழுதி, அடுத்து இரு நிரலகங்களிலும் எழுதி ஒப்பிட்டோம். மூன்றாவதில் எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி மூலத்தின் சாயலை மிகுதியும் காட்டிற்று. அதன் சிறப்பை இப்பொழுதும் மறுக்கிலேம்.

எனினும் யாம் ஜாங்கோவையே நிலைநிறுத்தினோம். ஆயின் காரணம் வேறு. அட்டவணையின் அமைப்பை மாற்றுங்கால் அம்மாற்றங்களைப் படிப்படியே பதிந்துவைக்கும் கருவி அதனுள்ளேயே உளது. மற்றையதற்கு அலெம்பிக் என்னும் துணை வேண்டும். நிரல் அறியாதாரும் பதிவுகளைத் திருத்தும் மேலாண்மைப் பக்கம் அதனொடு வருகின்றது. இன்னும் ஈராண்டில் யாம் இங்கிரோம். பின்வரும் மாணவர் இதனை எடுத்து நடத்தவேண்டும். ஒவ்வொரு புதிய பக்கமும் எத்தனை வினாக்கள் விடுக்கின்றது என்று பாராமல் அதனை வெளியிடலாகாது என்னும் விதியையும் எழுதிவைத்தோம்.

நண்பர்காள்! கருவியைத் தேர்தல் பிழையன்று. கற்க வேண்டாமைக்காகத் தேர்தலே பிழை. உரையாசிரியர் நம்மை மூலத்தினிடம் அழைத்துச் செல்வர். மூலத்திற்கு ஈடாக அவரை வைப்பது நம் சோம்பலே.

சென்ற கிழமை அம்மையார் தாமே மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, நெடுங்காலத்திற்கு முன் தம் அட்டையில் தாமே தவறாக எழுதிய ஓர் ஆசிரியர் பெயரைத் திருத்தினார். "இது உறுத்திக்கொண்டே இருந்தது, தம்பி" என்றார். எம் உழைப்பிற்கு அச்சொல்லே போதுமான ஊதியமாயிற்று.