முடியாத போர்வைகளின் ஊர்

கல்யாணமான வாசகர்களுக்கு ஒரு நல்ல சேதி. மனைவி துணி எடுத்து முடிக்கிற வரை கணவன் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ள மெத்தை நாற்காலி, பார்க்கப் பெரிய டி.வி., போரடித்தால் தட்டி விளையாட பில்லியர்ட்ஸ் மேஜை எல்லாம் போட்டுத் தனியாக ஒரு இடத்தையே ஒதுக்கிய ஊர் ஒன்று உண்டு. கெட்ட சேதி, அது அமெரிக்காவில் இருக்கிறது.

மிசூரி மாநிலம், ஹாமில்டன். நான் போனது 2018 ஜூன் மாதம். அந்த இடத்துக்கு ‘மேன்ஸ் லேண்ட்’ என்று பெயர். உள்ளே எட்டுப் பத்து தாத்தாக்கள், ஆளுக்கொரு பேஸ்பால் தொப்பியோடு, பாதித் தூக்கத்தில். “எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று ஒருவரைக் கேட்டேன். “எந்தக் கிழமையிலிருந்து என்று கேள் தம்பி” என்கிற மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கான்ஸாஸ் சிட்டியிலிருந்து வடக்கே 35-ம் நம்பர் ஹைவேயில் கேமரன் வரை போய், அங்கே கிழக்கே திரும்பி 36-ம் நம்பர் சாலையைப் பிடித்தால் மொத்தம் ஒரு மணி நேரச் சொச்சம். வழி நெடுக மக்காச்சோளம், சோயா, நடுவில் கொஞ்சம் மாடு, மறுபடி மக்காச்சோளம். ஊரின் ஜனத்தொகை சுமார் 1,800. ஆனால் மெயின் ரோட்டில் அன்றைக்கு ஒரு டஜன் துணிக்கடைகள் இருந்தன. ஒரே கம்பெனியின் கடைகள். எதிலும் சட்டை கிடையாது, பேன்ட் கிடையாது. க்வில்ட் தைப்பதற்கான துணி மட்டும்.

க்வில்ட் என்றால் வேறொன்றுமில்லை, நம் பாட்டிகள் ஒட்டுப் போட்டுத் தைத்த போர்வைக்கு அமெரிக்க ஒன்றுவிட்ட தங்கை. மூன்று அடுக்கு. மேலே சதுரமும் முக்கோணமுமாக வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ‘டாப்’. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் ஒரே துணி. இந்த அடுக்குக்குப் பெயரே ‘சாண்ட்விச்’தான். மூன்றும் நகராதபடி குறுக்கும் நெடுக்கும் தைத்து இறுக்குவதுதான் க்வில்டிங். கடைசியில் நாலு ஓரமும் பட்டி கட்டினால் போர்வை ரெடி.

கேட்க சுலபம்தான். ஆனால் துண்டுகளைச் சேர்க்கும் ஒவ்வொரு தையலும் ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி ஓட வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால்கூட, இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு போச்சு. ஒரு வரிசைக்கு இருபது தையல் என்றால் இரண்டரை அங்குலம் காணோம்! ட்ரயல் பாலன்ஸில் ஐம்பது பைசா உதைத்து, ராத்திரி எட்டு மணி வரை ஆபீஸில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

என்னை அங்கே அழைத்துப் போனது பெரியப்பா மகள். இருபது வருஷமாகக் கான்ஸாஸ் சிட்டி பக்கம் குடித்தனம். அக்காவின் பொழுதுபோக்கு க்வில்ட். மாமாவின் பொழுதுபோக்கு, அது பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் இருப்பது.

முதல் நாள் ராத்திரி அக்கா தன் அலமாரியைத் திறந்து காட்டினாள். கலர் வாரியாகத் துணி அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டிகள், மொத்தம் 23. இப்படிச் சேர்த்து வைப்பதற்கு அவர்கள் உலகத்தில் ‘ஸ்டாஷ்’ என்று பெயர். தமிழில் பதுக்கல். ஆரம்பித்து முடிக்காமல் கிடக்கும் போர்வை ‘யு.எஃப்.ஓ.’ பறக்கும் தட்டு இல்லை, ‘அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்’. சேர்த்த துணி, தைக்க மிச்சமிருக்கிற ஆயுசைத் தாண்டிவிட்டால் அது ‘சேபிள்’. அதாவது ‘ஸ்டாஷ் அக்வயர்ட் பியாண்ட் லைஃப் எக்ஸ்பெக்டன்சி’. தன் பலவீனத்துக்கு இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்த கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? காகிதத்தை எடுத்தேன். ஓப்பனிங் ஸ்டாக் 210 கெஜம். ஒரு ஆள் படுக்கிற அளவு போர்வைக்கு மேலும் கீழுமாகச் சுமார் 11 கெஜம். கெஜம் 11 டாலர் வீதம் துணிச் செலவு மட்டும் 121 டாலர். அக்கா வருஷத்துக்கு முடிப்பது ஒரு போர்வை. வாங்குவது, அவளே ஒப்புக்கொண்ட கணக்குப்படி, 30 கெஜம். ஆக, வருஷா வருஷம் 19 கெஜம் கூடிக்கொண்டே போகும். இந்த ஸ்டாக் தீரும் தேதி என்று ஒன்று காலண்டரில் இல்லை. யு.எஃப்.ஓ. கணக்கு, பதினொன்று.

“வொர்க் இன் ப்ராக்ரஸ் பதினொண்ணு. எல்லாம் அஞ்சு வருஷமா அசையாத சரக்கு. ரைட் ஆஃப் பண்ணிடலாமாக்கா?”

“முதல்ல உன் வாயில தையல் போடணும்டா.”

பதினொன்றில் பத்தை விரித்துக் காட்டினாள். ஒன்றை மட்டும் பழைய தலையணை உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். அதை எடுக்கவில்லை. மறுநாள் காரில் அந்த உறை அவள் மடியில் இருந்தது.

* * *

ஹாமில்டனின் இன்றைய கதையே முடியாத ஒரு க்வில்ட்டில் ஆரம்பித்ததுதான்.

அதற்கு முன்னால் இந்த ஊருக்குப் பெருமை ஜே.சி.பென்னி. அமெரிக்கா பூராவும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்த அந்த மனிதர் 1875-ல் ஹாமில்டன் பக்கத்துப் பண்ணையில் பிறந்தவர். தன் 500-வது கடையை 1924-ல் சொந்த ஊரிலேயே திறந்தார். அப்புறம் அமெரிக்காவின் பல சின்ன ஊர்களுக்கு நேர்ந்ததுதான் இதற்கும். வேலை வெளியே போனது, இளவட்டம் பின்னாலேயே போனது, மெயின் ரோட்டுக் கட்டடங்கள் காலியாக நின்றன.

1990-களில் ஏழு பிள்ளைகளோடு கலிஃபோர்னியாவிலிருந்து வந்து இங்கே குடியேறியவர் ஜென்னி டோன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பொழுது போக க்வில்ட் கற்றுக்கொண்டார். டாப் தைத்தாயிற்று. மூன்று அடுக்கையும் இறுக்கித் தைக்கப் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்தார். அங்கே க்யூ, கிட்டத்தட்ட ஒரு வருஷம்! எந்த க்வில்ட்டைக் கொடுத்தார் என்பது அவருக்கே மறந்துபோகிற அளவுக்குக் காத்திருப்பு.

இன்னொருவராக இருந்தால் அலுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் அதில் வியாபாரத்தைப் பார்த்தார்கள். இத்தனை பேர் முடிக்காத போர்வையோடு க்யூவில் நிற்கிறார்கள் என்றால் சரக்கு இருக்கிறது, ஆள்தான் இல்லை. 2008-ல் பொருளாதாரம் சரிந்து பெற்றோரின் சேமிப்பு கரைந்திருந்த நேரத்தில், மகனும் மகளும் ஒரு ‘லாங்ஆர்ம்’ மெஷினும் அதை வைக்க ஒரு கட்டடமும் வாங்கினார்கள். மிசூரி ஸ்டார் க்வில்ட் கம்பெனி பிறந்தது. ஆரம்பத்தில் ஈ ஓட்டினார்கள். அடுத்த வருஷம் ஜென்னியை யூடியூபில் பாடம் எடுக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்து சொல்லித் தருகிற தோரணை, தப்பாகத் தைத்தாலும் சிரிப்பு. உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்தார்கள். காலிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கடையாயின. வெளி மாநிலங்களிலிருந்து பஸ் பிடித்து வர ஆரம்பித்தார்கள்.

கடைக்குள் போனால் சரவணபவனுக்குள் நுழைந்த மாதிரி பெயர்கள். இரண்டரை அங்குல அகலத்தில் நாற்பது பட்டைகளைச் சுருட்டி வைத்தால் ‘ஜெல்லி ரோல்’. பத்து அங்குலச் சதுரங்களை அடுக்கினால் ‘லேயர் கேக்’. 18-க்கு 22 அங்குலத் துண்டு ‘ஃபேட் குவார்ட்டர்’. பசியைக் கிளப்பித்தான் பர்ஸைத் திறக்கிறார்கள். பூப்போட்ட துணிக்கு ஒரு கடை, பாட்டிக்குக்கு ஒரு கடை, பிளெய்னுக்கு ஒரு கடை. ரோட்டைக் கடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் அக்கா கையில் ஒரு பை கூடியது.

பூப்போட்ட துணிக் கடையில் நான் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டேன். அங்கே அடிக்கடி காதில் விழுகிற ‘காலிகோ’ என்ற வார்த்தையே நம் கோழிக்கோட்டிலிருந்து போனது. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் ஏற்றிய பருத்தித் துணி ஐரோப்பாவைப் போட்டு ஆட்டியதில், உள்ளூர் நெசவாளிகள் கொதித்துப்போய், 1721-ல் இங்கிலாந்து அச்சடித்த காலிகோவை உடுத்தவே தடைச் சட்டம் போட்டது. 1774 வரை அது நீடித்தது. இந்தியத் துணியிலிருந்து பூவையும் மரத்தையும் தனியாக வெட்டி, வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்த பழைய க்வில்ட்டுகள் இன்றும் அமெரிக்க மியூசியங்களில் இருக்கின்றன. துண்டு வீணாகக் கூடாது என்ற கவலை அப்போதே இருந்திருக்கிறது!

* * *

கடைசியாக, அடித்துணிக் கடை. 108 அங்குல அகலத் துணி. போர்வையின் அடிப்பக்கத்துக்கு நடுவில் தையலே வராது. வெட்டு மேஜையில் எழுபது வயதுக்குக் குறையாத ஒரு வெள்ளைக்கார அம்மா. அங்கேதான் அக்கா தலையணை உறையைத் திறந்தாள்.

சுங்குடி. மதுரைச் சுங்குடி. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, நீலம், எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி. என் பெரியம்மாவின் எட்டுப் புடவைகள். பெரியம்மா 2011-ல் தவறியபோது அக்கா பெட்டியில் கொண்டுவந்தவை. ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டி, வரிசைக்கு 12, மொத்தம் 15 வரிசை. 180 சதுரம். 2013-லேயே டாப் முடிந்துவிட்டது. இத்தனை வருஷமும் “அடித்துணி சரியாக அமையவில்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி, தையல் நெருக்கமாக ஓடினால்தான் கிழியாமல் நிற்கும் என்றார். மெஷின் தையலுக்கு இங்கேயே கொடுத்தால் போர்வையாகவே வீட்டுக்கு வந்துவிடும், வேண்டுமா என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். பேனாவைக் கையில் எடுத்தாள். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, டாப்பை மடிக்க ஆரம்பித்தாள். “இரண்டு கெஜம் அடித்துணி மட்டும் போதும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். “இதை முடிச்சிட்டா, அப்புறம் அம்மாவுக்குன்னு செய்ய எனக்கு என்னடா இருக்கு?”

ரைட் ஆஃப் பண்ணலாமா என்று கேட்டவன் நான். முடியாத வேலையைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவோம்? சொத்துப் பக்கம்தான்.

அக்காவே தொடர்ந்தாள். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினக் குடும்பங்கள். ஸ்டாஷ் எல்லாம் கிடையாது, கிழிந்த வேலை உடுப்புதான் துணி. அங்கே மிசூரி பெட்வே என்று ஒரு பெண், புருஷன் செத்த பிறகு 1942-ல் அவர் வயலில் போட்ட உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார், அவர் ஞாபகமாகப் போர்த்திக்கொள்ள. 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகளை ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் மியூசியத்தில் மாட்டினார்கள். 2006-ல் தபால்தலைகூட வந்தது.

“மியூசியம் கிடக்கட்டும். அந்த அம்மா முடிச்சாங்க, போத்திக்கிட்டாங்க. நான் உறையில போட்டு வச்சிருக்கேன்.”

மாமா அப்போதுதான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பைகளை எண்ணினார். வழக்கம்போல அபிப்பிராயம் சொல்லவில்லை. (இரண்டு கெஜம் வாங்க வந்த இடத்தில் மொத்தம் பதினாறு கெஜம்.)

அன்று ராத்திரியே அக்கா சாண்ட்விச் போட்டாள். மெஷின் இல்லை, கைத்தையல். மரவளையத்தில் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், புள்ளிக்குப் புள்ளி. நடுவில் மகன் காலேஜ் போனான், கொரோனா வந்து போனது, கண்ணாடியின் பவர் மாறியது. பழைய யு.எஃப்.ஓ.க்களில் நாலு முடிந்தன. புதிதாக ஐந்து சேர்ந்தன.

போன மாசம் வீடியோவில் காட்டினாள். 15 வரிசையில் 11 முடிந்திருக்கிறது. மகன் இப்போதே அது தனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறானாம்.

“இந்தக் குளிருக்குள்ள முடிச்சிடுவேன்டா” என்றாள்.

எந்தக் குளிர் என்று நான் கேட்கவில்லை.